டிஸ்கஸ் தொட்டியில் செடிகள் ஏன் அழுகுகின்றன?

கேள்வி: 200 லிட்டர் தண்ணீர் நிற்கும் தொட்டியில் ஐந்து வளர்ந்த டிஸ்கஸ் மீன்கள் வைத்திருக்கிறேன். ஹீட்டர் 31 டிகிரியில் ஓடுகிறது. அடியில் மணல் பரப்பி கபோம்பா, ஜாவா மாஸ், அமேசான் ஸ்வார்ட் நட்டேன். மூன்று வாரத்தில் கபோம்பா கரைந்துவிட்டது, மாஸ் பழுப்பாகிவிட்டது, ஸ்வார்ட் இலைகள் மஞ்சளாகி ஓட்டை விழுகின்றன. மாடித்தோட்டத்துக்கு வாங்கிய 19:19:19 உரம் இருக்கிறது, கொஞ்சம் கரைத்து ஊற்றலாமா?
– கொளத்தூர், சென்னை.

பதில்: வணக்கம். முதலில் அந்த 19:19:19 உரத்தைத் தொட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி யூரியாவும் அமோனியமும்தான். 30 டிகிரி தண்ணீரில் பி.எச். (அமில-கார அளவு) 8 இருந்தால், கரைந்துள்ள மொத்த அமோனியாவில் சுமார் 7 சதவீதம் செவுளைத் தாக்கும் நச்சு வடிவத்தில் நிற்கும். போர் தண்ணீர் பயன்படுத்துபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

செடிகள் போனதற்கு முதல் காரணம் சூடு. 31 டிகிரி என்பது குஞ்சுகளுக்கும் நோய்ப்பட்ட மீனுக்கும் வைப்பது. வளர்ந்த டிஸ்கஸுக்கு 28 முதல் 29 போதும். ஒரே நாளில் இறக்காமல், நாளுக்கு ஒரு டிகிரி வீதம் குறையுங்கள். சூடு ஏற ஏறச் செடியின் சுவாசம் கூடும். வெளிச்சத்தில் தயாரிக்கும் உணவைவிடச் செலவழிப்பது அதிகமானால் செடி தன்னையே கரைத்துக்கொள்ளும். கபோம்பா, மாஸ், எலோடியா போன்றவை குளிர்ந்த நீரை விரும்புபவை. இந்தத் தொட்டிக்கு அவை வேண்டாம்.

ஸ்வார்ட் கதை வேறு. இந்தச் சூட்டை அது தாங்கும். நர்சரியில் நீருக்கு மேல் வளர்த்த செடியைத் தண்ணீருக்குள் வைத்தால் பழைய இலைகள் உதிர்வது இயல்புதான். ஆனால் பழைய இலையில் ஓட்டை விழுந்து, ஓரம் மஞ்சளாவது பெரும்பாலும் பொட்டாஷ் பற்றாக்குறை. டிஸ்கஸுக்குக் கொடுக்கும் மாட்டு இதயத் தீவனத்திலிருந்து தழைச்சத்தும் மணிச்சத்தும் தாராளமாக வந்துவிடும். பொட்டாஷும் இரும்பும் மட்டும் அப்படி வராது. நீங்கள் அடிக்கடி தண்ணீர் மாற்றும்போது இருப்பதும் போய்விடும். உரக்கடையில் 0:0:50 என்று கிடைக்கும் நீரில் கரையும் பொட்டாசியம் சல்ஃபேட்டில் 2 கிராம் எடுத்து, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றிய பிறகு கரைத்து ஊற்றுங்கள். 200 லிட்டரில் லிட்டருக்கு சுமார் 4 மில்லிகிராம் பொட்டாசியம் கூடும். செடியின் நடுக்குருத்து கெட்டியாக இருந்தால் பிடுங்க வேண்டாம். அழுகிய இலைகளை மட்டும் அடியோடு வெட்டுங்கள்.

புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் டி.டி.பி.ஏ. வகை இரும்பு 2 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, வாரத்துக்கு 10 மில்லி ஊற்றுங்கள். வயலுக்கான நுண்ணூட்டக் கலவையைப் போடாதீர்கள், அதில் தாமிரமும் துத்தநாகமும் இருக்கும்.

மணலைப் பற்றி என் கருத்து: தொட்டி முழுக்கப் பரப்பியதை அள்ளிவிடுங்கள். தீவனத் துணுக்குகள் மணலுக்குள் புகுந்து அழுகும், சைஃபன் குழாயால் அழுக்கை உறிஞ்சி எடுக்கவும் முடியாது. 12 முதல் 15 செ.மீ. மண் சட்டிகளில் நடுவதே டிஸ்கஸ் வளர்ப்பவருக்குச் சரியான வழி. சட்டியில் 1 முதல் 2 மி.மீ. ஆற்று மணலைக் கழுவி நிரப்புங்கள். ஒரு பிடி மணலில் வினிகர் விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, அது ஆகாது. கூரான எம்-சாண்டும் வேண்டாம், மணலை ஊதி இரை தேடும் மீனின் வாயைக் கிழிக்கும். மீன் செடிகளுக்கென்றே விற்கும் வேர் உர மாத்திரை ஒன்றைச் சட்டியின் அடியில் புதைத்து, ஸ்வார்ட்டின் குருத்து மணலுக்கு மேலே நிற்கும்படி நடுங்கள். மாத்திரையை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். தண்ணீர் மாற்றும்போது சட்டியை நகர்த்தி அடியைச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

கூடச் சேர்க்கக் கூடியவை: அனுபியாஸ், கிரிப்டோகோரைன் வெண்டி, ஜயன்ட் வாலிஸ்னேரியா. வெண்டி இலங்கையின் ஓடைச் செடி. இடம் மாற்றினால் இலைகளை எல்லாம் கரைத்துவிடும், வேர் உயிரோடுதான் இருக்கும், ஒரு மாதம் பொறுங்கள். அனுபியாஸின் தடித்த கிழங்கை மணலில் புதைத்தால் அழுகிவிடும். நூலால் மரக்கட்டையில் கட்டுங்கள். ஜாவா ஃபெர்ன் பிழைக்கும், ஆனால் இந்தச் சூட்டில் இலையில் கரும்புள்ளி விழுந்து சோம்பலாக வளரும்.

விளக்கு நாளுக்கு எட்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் எரித்தால், மணிச்சத்து மிகுந்த இந்தத் தண்ணீரில் பாசிதான் லாபமடையும். மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு சால்வினியா என்ற மிதக்கும் செடியை விட்டால் டிஸ்கஸின் மிரட்சி குறையும். கரியமில வாயு சிலிண்டர் வேண்டாம். 30 டிகிரி தண்ணீர் பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம்தான், இரவில் செடிகளும் அதைத்தான் சுவாசிக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை இரவில் நிறுத்தாதீர்கள்.

வாங்கிய செடியை நேராகத் தொட்டியில் போடக் கூடாது. நோயும் நத்தையும் அதோடு வரும். 10 லிட்டர் தண்ணீரில் 100 மில்லிகிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்து 10 நிமிடம் முக்கி, அலசி, மீனில்லாத வாளியில் வெளிச்சம் படும்படி நான்கு வாரம் வைத்துப் பாருங்கள். மீனுக்கு உப்போ 33 டிகிரிச் சூடோ கொடுக்க வேண்டியிருந்தால் தனித் தொட்டிக்கு மாற்றியே கொடுங்கள். செடித் தொட்டியில் கொடுத்தால் செடிகள் கெடும். ஏப்ரல், மே மாதங்களில் ஹீட்டர் ஓடாமலே தண்ணீர் 31-ஐத் தாண்டும். அப்போது மூடியைத் திறந்து, மேற்பரப்பின் மேல் சிறிய மின்விசிறி ஓடவிட்டால் 2 டிகிரி வரை இறங்கும். ஆவியாகிக் குறைந்த அளவை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள், போர் தண்ணீரை விட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.