பெட்டிக்குள் எந்தப் பெட்டி?

சென்ற மாதம் ஒரு வாசகர் சின்ன மொடல் ரயில் வேகன் பற்றிக் கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டு மறந்துவிட்டேன். கொழும்பில் இத்தனை பேர் இந்தப் பைத்தியத்தோடு இருக்கிறார்கள் என்று அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் பார்த்துத்தான் தெரிந்தது. இந்தப் பத்திக்கு வழக்கமாக வரும் மின்விசிறி, போன் சார்ஜர் முறைப்பாடுகள் எல்லாம் அடுத்த முறை. இன்றைக்குச் சரக்கு வேகன் மட்டும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். சிலவற்றில் வெட்டி எடுத்தது வெறும் வசவு.

கேள்வி (வெள்ளவத்தை): கனடாவிலிருந்து வந்த மாமா எச்ஓ அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) ஆறு பொக்ஸ்கார், அதாவது மூடிய சரக்கு வேகன், கொண்டுவந்தார். ஆறும் ஆறு அமெரிக்க ரயில் கம்பனிகளின் நிறத்தில். பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஐந்து சரிவரவில்லை. மாமா ஏமாந்துவிட்டாரா?

பதில்: ஏமாற்றப்பட்டார். இது எனக்குத் தீராத கோபம், அதனால் கொஞ்சம் நீளும்.

பிளாஸ்டிக் வேகன் ஒன்றைச் செய்ய உருக்கு அச்சு வெட்டவேண்டும். அதற்குக் காசு நிறையப் போகும். ஆகவே சில கம்பனிகள் ஒரே ஒரு அச்சை வெட்டி, அதில் வரும் உடம்புக்கு இருபது ரயில்வேயின் பெயரை மாற்றி மாற்றி அடித்து விற்கும். புறக்கோட்டை நடைபாதையில் ஒரே சேர்ட்டுக்குப் பத்து லேபல் தைப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே தொழில்தான். ஆனால் நிஜத்தில் 40 அடி இரும்புப் பொக்ஸ்கார் என்று ஒரே ஒரு சாமான் இருக்கவில்லை. பென்சில்வேனியா ரயில்வே 1924 முதல் கட்டிய எக்ஸ்29 வேறு. அமெரிக்க ரயில்வேக்களின் சங்கம் 1937-இல் வகுத்த பொது வடிவம் வேறு. புல்மன்-ஸ்ராண்டர்ட் கம்பனி 1947-இலிருந்து கட்டிய பிஎஸ்-1 வேறு. உள்ளுயரம் 10 அடியா 10 அடி 6 அங்குலமா, கதவு 6 அடியா 8 அடியா, இரண்டு முனைச் சுவர்களிலும் உள்ள புடைப்பு வரிகள் எப்படிப் போகின்றன, கூரைத் தகடு எந்த மாதிரி, இதெல்லாம் பார்க்கப் பழகிய கண்ணுக்கு மனிதர்களின் மூக்கு மாதிரி. ஒருவருடைய மூக்கு இன்னொருவரின் முகத்தில் இருந்தால் தெரியாதா?

நானும் விழுந்தவன்தான். கனடாவின் ஸ்காபரோவில் அக்கா வீட்டுக்குப் போன சமயம் ஒரு மொடல் ரயில் சந்தையில் பன்னிரண்டு பொக்ஸ்கார்களை மொத்தமாக விலைபேசி வாங்கி, அக்கா சமைத்து வைத்த சாப்பாட்டையும் மறந்து, இரவு மேசையில் வரிசையாகத் தலைகீழாக வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். பன்னிரண்டிலும் பிரேக் சிலிண்டருக்குப் பக்கத்தில், ஒரே இடத்தில், ஒரே சின்னப் பள்ளம். அச்சில் விழுந்த வடு. பன்னிரண்டு கம்பனி, ஒரு தாய் வயிறு. திருப்பிக் கொடுக்கப் போனால் விற்றவர் அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போய்விட்டார்.

இனிமேல் மாமாவிடம் சொல்லிவிடுங்கள்: நிறத்தைப் பார்த்து வாங்காமல், எந்த ரயில்வே, எந்த வகை, எந்த ஆண்டு, எந்த எண் வரிசை என்று கேட்டு வாங்கவேண்டும். நேர்மையான தயாரிப்பாளர் இதைப் பெட்டியிலேயே அச்சடித்திருப்பார். அது இல்லையென்றால் வேகனின் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘பிஎல்டி 3-47’ என்பதுபோல் ஒன்று இருக்கும். அது கட்டிய மாதமும் ஆண்டும். அந்த ஆண்டோடு உடம்பு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். உதாரணமாக, 1966 அளவிலிருந்து அங்கே புதிய பொக்ஸ்கார்களுக்குக் கூரைமேல் நடைபலகை வைப்பதை விட்டுவிட்டார்கள். ‘பிஎல்டி’ 1970 என்று எழுதி, மேலே நடைபலகையும் இருந்தால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஆறில் சரியாக இருக்கும் அந்த ஒன்றை ஓட்டுங்கள். மற்ற ஐந்தையும் சின்னப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள், அவர்களாவது ரசிப்பார்கள்.

கேள்வி (தெஹிவளை): என் ரயில் பாதை 1955-ஆம் ஆண்டை வைத்துச் செய்தது. மஞ்சள் நிறத்தில், பக்கம் முழுக்க பியர் விளம்பரம் எழுதிய குளிர்சாதன வேகன் ஒன்று வாங்கினேன். “அந்தக் காலத்து வண்டிதான்” என்றார் விற்றவர்.

பதில்: எந்தக் காலத்து? அந்த மாதிரிப் பெரிய விளம்பர வேகன்களை அமெரிக்காவின் மாநிலங்களுக்கிடையிலான வர்த்தக ஆணைக்குழு 1930-களின் நடுவிலேயே நிறுத்த வைத்துவிட்டது. அலுமாரியில் வையுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): அப்பா காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சீமெந்து ஏற்றிப்போன பழைய வேகன் ஒன்றை அவருக்குக் கொடுக்க ஆசை. ஒன்லைனில் ஒருவர் “சிலோன் ரயில்வே வேகன், ஓஓ அளவு, துல்லியமானது” என்று 18,000 ரூபாவுக்கு விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கவேண்டாம், தம்பி. குறைந்தது ஒரு கேள்வியாவது கேட்காமல் வாங்கவேண்டாம்: இரண்டு சில்லுகளுக்கும் இடையே எத்தனை மில்லிமீற்றர்?

நம் நாட்டுப் பெரிய பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். ஓஓ அளவில் நிஜத்தின் ஒரு அடிக்கு 4 மில்லிமீற்றர். அப்படியானால் தண்டவாளம் 22 மில்லிமீற்றர் அகலம் இருக்கவேண்டும். கடையில் விற்கும் ஓஓ தண்டவாளம் 16.5 தான். அது இங்கிலாந்துப் பாதைக்கே குறுகல், நம்முடையதற்குச் சொல்லவே வேண்டாம். இவர் செய்வது என்ன என்று எனக்குத் தெரியும். இங்கிலாந்து வேகன் ஒன்றை வாங்கி, பெயின்ட் அடித்து, ‘சிஜிஆர்’ (சிலோன் அரசாங்க ரயில்வே) என்று எழுதிவிடுகிறார். உடம்புக்குக் கீழே சில்லுகள் ஒடுங்கி உள்ளே போய் நிற்கும். அப்பாவுக்கு அளவுத்திட்டம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் நிஜ வேகனை ஒவ்வொரு நாளும் பார்த்தவர், கையில் எடுத்ததும் “இது எங்கட வேகன் இல்லையே” என்று சொல்லிவிடுவார். 18,000 ரூபா கொடுத்து அந்த வார்த்தையைக் கேட்கப்போகிறீர்களா?

ஒரு வழி இருக்கிறது, கணக்கு அழகானது. ஒரு அடிக்கு 3 மில்லிமீற்றர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை அடி, மூன்றால் பெருக்கினால் 16.5. கடையில் கிடைக்கும் அதே தண்டவாளம், அதே சில்லு, நம் பாதைக்கு அச்சாகப் பொருந்துகிறது! உடம்பை மட்டும் நீங்கள் வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டவேண்டும். நாலு சில்லு மூடுவேகன் என்றால் அது பெரிய வித்தை இல்லை. கடுகண்ணாவையில் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. அனுமதி கேட்டு, அங்கே ஏற்ற வேகன் நின்றால் அளவு நாடாவோடு போய் நீளம், உயரம், கதவு, சில்லுக்குச் சில்லு தூரம் எல்லாம் எழுதிக்கொண்டு வாருங்கள். மிச்சத்துக்கு அப்பாவைக் கேளுங்கள். கதவுக் கொண்டி எந்தப் பக்கம், சீமெந்துத் தூசி எங்கே படியும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். செலவு 18,000-இல் கால்வாசியும் வராது.

கேள்வி (பம்பலப்பிட்டி): வெளிநாட்டிலிருந்து ரெசின் கிட் (வார்ப்புத் துண்டுகளை நாமே ஒட்டிக் கட்டும் வேகன்) ஒன்று வரவழைத்தேன். பக்கச் சுவர் வாழைப்பழம்போல் வளைந்திருந்தது, பிளாஸ்டிக் பசையும் ஒட்டவில்லை, பெயின்ட்டும் உரிந்து வருகிறது. தயாரிப்பாளரிடம் முழுக் காசையும் திருப்பிக் கேட்கப்போகிறேன்.

பதில்: கிட்டுக்குள் ஒரு தாள் இருந்திருக்குமே, அதை வாசித்தீர்களா?

ரெசினுக்குப் பிளாஸ்டிக் பசை ஒட்டாது. அந்தப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுவது, ரெசின் கரையாது. சுப்பர் குளூ அல்லது எபொக்சி வேண்டும். வளைவுக்குச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, கண்ணாடித் தட்டில் பாரம் வைத்து ஆறவிட்டால் நேராகும். பெயின்ட் உரிவதற்குக் காரணம் அச்சிலிருந்து கழற்றப் பூசிய எண்ணெய். பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவியிருக்கவேண்டும். இதில் உங்களை யாரும் ஏமாற்றவில்லை. அப்புறம், தேய்க்கும்போது தூசி பறக்கும், முகக்கவசம் போடுங்கள். அதையும் அந்தத் தாளில் எழுதியிருப்பார்கள்.

கேள்வி (மருதானை): வாகனப் பெயின்ட் கடையில் வாங்கிய தின்னரால் வேகனைத் துடைத்தேன், உருகிவிட்டது. கடைக்காரர் பொறுப்பா?

பதில்: இல்லை.

கேள்வி (வத்தளை): வேகன்கள் வளைவில் கவிழ்கின்றன. பாரம் போடவேண்டும் என்று ஒரு கடையில் ‘விசேட எடைத் தொகுதி’ 4,500 ரூபா சொல்கிறார்கள்.

பதில்: ஹார்ட்வெயார் கடையில் இரும்பு நட் வாங்குங்கள், நூறு இருநூறு ரூபாவோடு முடியும். எவ்வளவு போடுவது என்பதற்கு அமெரிக்காவின் தேசிய மொடல் ரயில்வே சங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: எச்ஓ வேகனுக்கு அடிப்படை ஒரு அவுன்ஸ், அதற்குமேல் நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 40 அடி வேகன் எச்ஓவில் ஐந்தரை அங்குலம். மொத்தம் 3.75 அவுன்ஸ், கிட்டத்தட்ட 106 கிராம். சமையலறைத் தராசு போதும்.

ஈயக்குண்டு மட்டும் வேண்டாம். நான் ஒருமுறை மலிவு என்று மீன்பிடி ஈயத்தை வாங்கி, பைன்டர் கம்மில் குழைத்து ஒரு நிலக்கரி வேகனின் அடியில் ஊற்றினேன். சில வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் வேகனின் வயிறு இரண்டு பக்கமும் புடைத்து, மூலை ஒட்டு விட்டு, உள்ளே வெள்ளை மாவாய்ப் பூத்திருந்தது. ஈயமும் அந்தப் பசையும் சேர்ந்தால் அப்படித்தான் அரித்து வீங்கும், கொழும்பு ஈரக் காற்றும் சும்மா இருக்காது. மூன்று மாதம் உட்கார்ந்து கட்டிய வேகன் அது.

கேள்வி (புறக்கோட்டை வாடிக்கையாளர் ஒருவர்): வேகனில் ஒட்டும் வெள்ளை எழுத்து டெக்கல் ஐந்து தாள் ஒரு அச்சுக்கடையில் அடிக்கக் கொடுத்தேன். கொண்டுவந்து பார்த்தால் ஐந்தும் வெறும் கண்ணாடித் தாள். ஒரு எழுத்தும் இல்லை. கடைக்காரர் “நீங்கள் தந்த கோப்பில் அப்படித்தான் இருந்தது” என்கிறார்.

பதில்: சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். சாதாரண பிரின்டரில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை என்றால் அது தாளை அப்படியே விட்டுவிடும். உங்களுக்கு அது தெரியாமல் இருந்தது குற்றமில்லை. தொழில் செய்கிறவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். வெறும் தாளை எண்ணிக் காசு வாங்கும்போதாவது ஒருமுறை குனிந்து பார்த்திருக்கலாம். அச்சுக்கூலியைத் திருப்பிக் கேளுங்கள், தாளின் விலையை விட்டுக்கொடுங்கள். எழுத்துக்கு வெள்ளை மை அடிக்கும் இயந்திரம் உள்ள கடை வேண்டும், இல்லாவிட்டால் ஆயத்த டெக்கல் தாள்தான்.

கேள்வி (கிருலப்பனை, ஒரு மனைவி): என் கணவரிடம் நாற்பத்து மூன்று வேகன் இருக்கிறது. “முதலீடு” என்கிறார். உண்மையா?

பதில்: இல்லை, அம்மா. என் வீட்டிலும் இதே பொய் ஓடுகிறது.

கேள்வி (தெமட்டகொட): கனேடியன் பசிபிக் ரயில்வேயின் ஃபவுலர் பொக்ஸ்கார் ரெசின் கிட், 36 அடி வகை, என்று ஒருவர் வட்ஸ்அப்பில் படம் காட்டி 22,000 ரூபாவை வங்கிக்குப் போடச் சொன்னார். வந்தது வெள்ளைப் பெட்டியில் சாதாரண பிளாஸ்டிக் பொக்ஸ்கார். கேட்டால் “இரண்டும் ஒன்றுதான், பெயர்தான் வேறு” என்கிறார். நண்பர்கள் “விட்டுவிடு, விளையாட்டுச் சாமான்தானே” என்கிறார்கள்.

பதில்: விடாதீர்கள். 22,000 ரூபா விளையாட்டு இல்லை.

முதலில் அளந்து எழுதிவைப்போம். எச்ஓவில் ஒரு அடிக்கு 3.5 மில்லிமீற்றர். 36 அடி என்றால் சுமார் 126 மில்லிமீற்றர், 40 அடி என்றால் 140. அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். அடுத்தது பக்கச் சுவர்: ஃபவுலர் வகையில் இரும்புச் சட்டங்கள் வெளியே தெரியும், அவற்றுக்கு உள்ளே மரப்பலகை. உங்களுக்கு வந்ததில் முழுப் பக்கமும் ஆணி வரிசை உள்ள இரும்புத் தகடு என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்று என்று சொல்ல அவருக்கு வாய் எப்படி வந்தது!

அவர் காட்டிய படம், எழுதிய வார்த்தைகள், வங்கிச் சீட்டு, வந்த பொதியின் மேலுறை, எதையும் அழிக்கவோ எறியவோ வேண்டாம். போனில் பேசவும் வேண்டாம், எழுத்தில் மட்டும். “படத்தில் உள்ள சாமானைத் தாருங்கள், அல்லது இத்தனையாம் திகதிக்குள் காசைத் தாருங்கள்” என்று ஒரே வரி. பற்றுச்சீட்டும் கேளுங்கள். கேட்டால் கொடுக்கவேண்டியது வியாபாரியின் கடமை, 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் சட்டத்தில் இருக்கிறது. திகதி கடந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள், 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். தை மாதத்தில் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போகவேண்டும், ஆகவே பங்குனி முடியும்வரை இழுக்காதீர்கள். அந்த வேகனுக்குப் பெயின்ட் அடிக்கவும் வேண்டாம், கையில் எவ்வளவு அரித்தாலும்.