பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்? – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். என்னிடம் பத்து வருடப் பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டுடிஸ்க். விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது என்கிறார்கள், விண்டோஸ் 11 இதில் ஏறாதாம். சரி, லினக்ஸ் போடலாம் என்று யூடியூபில் தேடினால் ஒருவர் உபுண்டு என்கிறார், ஒருவர் மிண்ட், இன்னொருவர் சோரின். கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் ‘ஆர்ச் போடுங்க மாமா’ என்கிறான். இரண்டு மாதமாக வீடியோ பார்த்ததுதான் மிச்சம். வினாத்தாள்கள், வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள், குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகை வேலை செய்யுமா? நீங்களே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியர்

அன்புள்ள நண்பருக்கு,

லினக்ஸ் மிண்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. சொல்லிவிட்டேன், இனி யூடியூபை மூடிவிடலாம்.

இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. டெபியன் என்ற பழைய லினக்ஸின் மேல் கட்டியது உபுண்டு, உபுண்டுவின் மேல் கட்டியது மிண்ட். உள்ளே நீங்கள் தினமும் தொடப்போகிற ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரேஆஃபிஸும் எதில் போட்டாலும் அதேதான். மிண்டில் மெனு இடதுபக்க மூலையில், கடிகாரம் வலதுபக்க மூலையில், அதாவது பத்து வருடமாக உங்கள் கை பழகிய இடத்தில் இருக்கும். எக்ஸ்எஃப்சிஇ முகப்பு 4 ஜிபி ராமில் மூச்சு வாங்காது. மிண்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. மருமகன் சொல்லும் ஆர்ச் நல்லதுதான், கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவனுக்கு. அதில் புதுப் பதிப்புகள் வந்துகொண்டே இருக்கும், ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அரையாண்டுத் தேர்வு வினாத்தாள் கொடுக்க வேண்டிய இரவில் ஏதாவது மக்கர் செய்தால் மருமகன் ஹாஸ்டலில் இருப்பான், நீங்கள் கறுப்புத் திரையின் முன்னால் இருப்பீர்கள்.

ஆனால் இரண்டு மாதமாக உங்களைக் கட்டிப்போட்டது எந்த லினக்ஸ் என்ற குழப்பம் இல்லை என்று நினைக்கிறேன். கோப்புகள் போய்விடுமோ என்ற பயம்தான். அது நியாயமான பயம், நான் பட்டிருக்கிறேன். 2008 வாக்கில் உபுண்டுக்காரர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்புவார்கள் (2011-இல் நிறுத்திவிட்டார்கள்). உறையைப் பிரித்த அன்றே போட்டு உட்கார்ந்தேன். முழு டிஸ்க்கையும் பயன்படுத்தவா என்று ஒரு திரை கேட்டது. தாராளமாக இடம் கொடுப்போமே என்று சரி சொன்னேன். தங்கை கல்யாணப் படங்கள் மொத்தமும் போயின. போட்டோக்காரரிடம் பாதி மிச்சமிருந்தது. தங்கை இன்றைக்கும் என் கையில் பென்டிரைவ் தருவதில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, அந்த 500 ஜிபி டிஸ்க்கைத் தொடாமலே இருப்பது. 240 அல்லது 256 ஜிபியில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்குங்கள். கடையில் கொடுத்தால் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு இதை மாட்டித் தருவார்கள். பழையதை ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு பீரோவில் வையுங்கள். விண்டோஸும் படங்களும் அதில் அப்படியே இருக்கும், வேண்டும்போது சொருகி எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவு நாள் உங்கள் லேப்டாப் தவழ்ந்ததற்குப் பாதிக் காரணம் உள்ளே சுற்றுகிற அந்தத் தட்டுதான், அதனால் வேகமும் கூடும். ஒன்று மட்டும், கழற்றும் முன்பு விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வெளியிலிருந்து அந்த டிஸ்க்கைத் திறக்க முடியாது.

எஸ்எஸ்டி வாங்குவதற்கு முன்பே ஒத்திகை பார்த்துவிடலாம். மிண்டின் தளத்திலிருந்து இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பு (மொத்த மிண்டும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) ஏறக்குறைய 3 ஜிபி வரும். அதை எட்சர் அல்லது ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள் (பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும், இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய). லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப்12-ஐத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள், சில கம்பெனிகளில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனு வந்ததும் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மிண்ட் அதிலிருந்தே ஓடும், டிஸ்க்கில் எதுவும் எழுதாது. கொஞ்சம் மெதுவாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் இப்படியே வைத்துப் பாருங்கள். வைஃபை, சத்தம், கேமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, முக்கியமாக பிரிண்டர். சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் படாதபாடு படுத்தும்.

எல்லாம் சரியென்றால் எஸ்எஸ்டியை மாட்டியபின் டெஸ்க்டாப்பில் இருக்கும் ‘இன்ஸ்டால்’ படத்தைச் சொடுக்குங்கள். டிஸ்க்கை அழிக்கவா என்று நான் மாட்டிக்கொண்ட அதே திரை வரும். இப்போது தைரியமாக ஆமாம் சொல்லலாம், உள்ளே இருப்பது வெறும் எஸ்எஸ்டிதான். பீரோவில் இருக்க வேண்டிய டிஸ்க் சொருகியபடி இருந்தால் மட்டும் முதலில் உருவிவிடுங்கள்.

தமிழ்99 வேலை செய்யும். சாஃப்ட்வேர் மேனேஜரில் ‘ஐபஸ்-எம்17என்’ (ibus-m17n) என்ற தட்டச்சு மென்பொருளை இன்ஸ்டால் செய்து, உள்ளீட்டு முறையாக ஐபஸ்ஸைத் தேர்ந்து, ஒருமுறை லாக்அவுட் ஆகி வாருங்கள். பிறகு ஐபஸ் அமைப்பில் தமிழ் என்று தேடினால் தமிழ்99, ஃபொனெட்டிக், டைப்ரைட்டர் எல்லாம் வரிசையாக நிற்கும். வானவில் கோப்புகளுக்கு, பழைய டிஸ்க்கின் விண்டோஸ் ஃபோல்டரில் இருக்கும் எழுத்துருவை எடுத்து இங்கே போட்டுக்கொண்டால் லிப்ரேஆஃபிஸில் படிக்க முடியும். வரிகள் அங்கங்கே நகர்ந்திருக்கும். அது யூனிகோடு இல்லாததால் தேடுவதற்குத் தொல்லைதான், விண்டோஸிலும் அப்படித்தானே இருந்தது.

ஒத்திகையிலேயே வைஃபை வரவில்லையென்றால் பதற வேண்டாம். மொபைலை கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டு நெட் கொடுங்கள், அப்புறம் மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்து பாருங்கள். அதிலும் ஒன்றும் காட்டவில்லையா, டெர்மினலில் (கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னல்) எல்-எஸ்-பி-சி-ஐ (lspci) என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் சேர்த்து அடித்து, வருவதை அப்படியே எனக்கு அனுப்புங்கள்.