ஒன் ஓகே ராக்: எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

மறுதேர்வுக்குப் படிக்கும்போது தெம்பூட்டும் பாட்டு வேண்டும், ஆனால் ஜப்பானிய ராக் இசைக்குழுவான ஒன் ஓகே ராக்கில் அலறல்தான் காதில் விழுகிறது, ஜப்பானிய வரிகளும் புரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பழைய ஆல்பங்களில் அலறல் கொஞ்சம் தூக்கல்தான். 'வீ ஆர்' பாட்டிலிருந்து தொடங்குங்கள். ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கேயின் நிகழ்ச்சிக்காக, 18 வயதுப் பிள்ளைகள் 1,000 பேர் இசைக்குழுவோடு சேர்ந்து பாட எழுதியது. அந்த மேடைப் பதிவையே முதலில் பாருங்கள். கோரஸை அவர்கள் அடித்தொண்டையிலிருந்து பாடுவதைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும்.

பாட்டு இருக்கும் 'ஆம்பிஷன்ஸ்' (2017) ஆல்பத்துக்கு ஜப்பான் பதிப்பு, சர்வதேசப் பதிப்பு என இரண்டு உண்டு. வரி புரிய வேண்டுமென்றால் சர்வதேசப் பதிப்பைப் போடுங்கள், அதில் ஆங்கிலம்தான்.

மனசு உடைந்த நாளுக்கு 'பீ தி லைட்'. 2011 நிலநடுக்கம், சுனாமிக்குப் பிறகு உருவான மெதுவான பாட்டு. இவற்றை இடைவேளையில் மட்டும் கேளுங்கள். வரியுள்ள பாட்டு ஓடினால் படிப்பதில் கவனம் நிற்காது.