கிரகணமும் கன்றின் மடங்கிய காலும்

கேள்வி: பெங்களூரு ஆனேக்கல் பக்கம் நான்கு மாடு வைத்திருக்கிறோம். எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பின மாடு ஒன்று கன்று போட்டு ஐந்து நாள் ஆகிறது. கன்றுக்கு இரண்டு முன்காலும் குளம்புக்கு மேலே மடங்கி, கணுவை ஊன்றி நிற்கிறது. 2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணத்தன்று மாடு ஏழரை மாதச் சினை, வெளியிலேயே கட்டியிருந்தேன். அதனால்தான் இப்படி என்கிறார் மாமியார். இன்னொரு மாடும் சினை. அடுத்த கிரகணத்துக்குத் தீனி, தண்ணீர் காட்டாமல் உள்ளே கட்ட வேண்டுமா?

பதில்: முதலில் கன்றைப் பார்ப்போம், அம்மா. காலைக் கையில் பிடித்து மெதுவாக நீட்டிப் பாருங்கள். நேராக வந்துவிட்டால் கவலையில்லை, வழுக்காத மண் தரையில் நடக்கவிட்டாலே சில நாளில் சரியாகும். பாதிதான் வருகிறது என்றால் இன்றே மருத்துவரை அழையுங்கள். பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து, உள்ளே பஞ்சு தடிமனாக வைத்துக் கட்டுப்போடுவார். கட்டைத் தினமும் அவிழ்த்து, தோல் உரசிப் புண்ணாகிறதா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டுத்தான் பல கன்றுகளுக்குக் கால் அழுகுகிறது. கொஞ்சமும் நீளவில்லை என்றால் ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். நிற்க முடியாத கன்று மடியில் குடிக்காது. முப்பது கிலோ கன்றுக்கு நாளைக்கு மூன்று லிட்டர் பாலாவது பாட்டிலில் பிரித்துக் கொடுங்கள்.

இது தசைநாண் இறுக்கம், அதாவது தசையை எலும்போடு இணைக்கிற நாண் இறுகிப்போவது. கன்று பெரிதாகி, கருப்பைக்குள் காலை நீட்ட இடமில்லாமல் போனால் வரலாம். கால் உருவாகிற வேலை சினையின் முதல் இரண்டு மாதத்திலேயே முடிந்துவிடுகிறது. அதன்பின் காலை மடக்குவது உள்ளே இருக்கிற இட நெருக்கடிதான்; ஏழரை மாதத்தில் வந்த கிரகணம் அதில் என்ன செய்யும்?

அன்று இரவு நடந்தது இவ்வளவுதான்: பூமியின் நிழல் நிலவில் விழுந்து, பதினொரு மணி சுமாருக்கு நிலவு முழுதும் நிழலுக்குள் போய், 82 நிமிடம் செம்மங்கலாக இருந்தது. மாட்டின் மேல் பட்டது கொஞ்சம் இருட்டு மட்டுமே. மாதாமாதம் அமாவாசைக்கு அதைவிட இருட்டில்தானே உங்கள் மாடுகள் நிற்கின்றன!

சூரிய கிரகணத்தில் உயிர்கள் நடந்துகொள்வது மாறுவது உண்மை. 2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவில் பூக்களுக்கு அருகே சின்ன மைக்குகளைத் தொங்கவிட்டு ஆராய்ந்தார்கள். சூரியன் முழுதாக மறைகிற வரை தேனீக்கள் ரீங்கரித்தன; மறைந்ததும் சத்தம் நின்றது. வெளிச்சம் திரும்பியதும் மறுபடி பறந்தன. பொழுது சாய்ந்ததென்று நினைத்ததால் வந்த மாற்றம் அது, நோய் இல்லை. 2027 ஆகஸ்ட் 2 அன்று நமக்குத் தெரியப்போவது பகுதிச் சூரிய கிரகணம்தான், முழுதாக இருட்டாது.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். வயிற்றில் காவி பூசட்டும், மாட்டை உள்ளே கட்டட்டும், கெடுதல் இல்லை. ஆனால் தீனியையும் தண்ணீரையும் நிறுத்த மட்டும் விடாதீர்கள். நிறைசினை மாடு பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பைக் கரைத்து, கீட்டோசிஸ் என்கிற நோயில் படுத்துவிடலாம். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்கள் இன்னொரு சினை மாட்டுக்கு எத்தனையாவது மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. ஏழு தாண்டியிருந்தால் கறவையை நிறுத்திவிட்டு, தினமும் 50 கிராம் தாது உப்புக் கலவையைத் தீவனத்தில் சேர்த்துக் கொடுங்கள்.