மனைவிக்கு மெடிஷீல்டு லைஃப்: எங்கே விண்ணப்பிப்பது?

தம்பி, மனைவிக்குச் சிங்கப்பூர் நிரந்தரவாசம் கிடைத்துவிட்டது, இதய அடைப்பு இருப்பதால் அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபில் சேர்ப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கவலையே வேண்டாம். விண்ணப்பமே கிடையாது. 2015 நவம்பரிலிருந்து குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் இந்தக் காப்புறுதி தானாகவே வந்துவிடும். நோயைக் காரணம் காட்டி யாரும் ஒதுக்க முடியாது. கடுமையான பழைய நோய் என்றால் மட்டும் 10 வருடத்துக்குச் சந்தா 30 சதவீதம் கூடும்.

மனைவியின் மெடிசேவில், அதாவது மருத்துவச் செலவுக்கான சேமநிதிக் கணக்கில், பணம் இல்லையா? உங்கள் மெடிசேவிலிருந்தே கட்டலாம். என் அம்மாவுக்கு நான் அப்படித்தான் கட்டுகிறேன். சிங்பாஸ் என்ற அரசு இணைய அடையாளத்தைப் போட்டு மத்திய சேமநிதித் தளத்துக்குள் போய், சந்தா யார் கணக்கில் போகிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

அப்புறம், இதன்மேல் கூடுதலாகத் தனியார் காப்புறுதி நிறுவனங்கள் தரும் இணைப்புத் திட்டம் வேறு, அங்கே நோயைக் காட்டி மறுக்கலாம். சேர்வதானால் எந்த நோயையும் மறைக்காதீர்கள்.