குடிநீரில் புளோரைடு சேர்க்கலாமா? ஒரு பல் மருத்துவரின் பதில்கள்

பல் சொத்தையைக் குறைக்கக் குழாய்த் தண்ணீரில் புளோரைடு என்ற தாதுப்பொருளைச் சேர்ப்பதை அமெரிக்காவின் யூட்டா, புளோரிடா மாநிலங்கள் 2025இல் தடை செய்ததிலிருந்து எனக்குக் கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. நான் பொது சுகாதாரப் பல் மருத்துவர். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பார்த்துப் பழகியவள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

மதுரை, கல்லூரி மாணவர்: தண்ணீரில் போய் இதைக் கலக்கும் யோசனை யாருக்கு வந்தது, டாக்டர்?

கதை பல் கறையில் தொடங்குகிறது, தம்பி. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் கிளினிக் போட்ட பல் மருத்துவர் ஃபிரெடரிக் மெக்கே, ஊர்க்காரர்கள் பலரின் பல்லில் பழுப்புக் கறை இருப்பதைக் கவனித்தார். கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்தது. காரணம் தண்ணீரில் இயற்கையாகவே இருந்த புளோரைடு என்று தெரிய 1931 ஆகிவிட்டது. அப்புறம் டீன் என்ற அரசுப் பல் மருத்துவர் பல ஊர்த் தண்ணீரை ஒப்பிட்டு, லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் கறை பெரிதாக வராது, சொத்தையும் குறையும் என்று கண்டார். 1945 ஜனவரியில் மிச்சிகனில் உள்ள கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரம் முதன்முதலாகத் தன் தண்ணீரில் அதைச் சேர்த்தது. அதன் பிறகு அங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொத்தை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பல நாடுகளுக்கு இது பரவ அந்த எண்ணும் ஒரு காரணம்.

சால்ட் லேக் சிட்டி (யூட்டா), ஒரு தாய்: எங்கள் மாநிலத் தடை நல்லதா கெட்டதா? மகனுக்கு நான்கு வயது.

உங்கள் மகனுக்குப் பெரிய நஷ்டம் வராது. பட்டாணி அளவு புளோரைடு பேஸ்ட்டில் தினம் இருமுறை தேய்த்துத் துப்ப வையுங்கள். பல் மருத்துவரிடம் புளோரைடு வார்னிஷ் (பல்லின் மேல் தடவும் பூச்சு) பூசச் சொல்லுங்கள். 1945இல் புளோரைடு பேஸ்ட் கடையில் கிடையாது. இன்று எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதனால் தண்ணீரில் சேர்ப்பதன் கூடுதல் பயன் இப்போது மிகவும் சுருங்கிவிட்டது என்று, பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2024இல் சொன்னது. ஆனால் பல் மருத்துவரிடம் போகவே வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சிறிய பயன்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. தடையில் எனக்கு வருத்தம் அங்கேதான்.

கால்கரி, கனடா: எங்கள் நகரம் 2011இல் நிறுத்தியது, 2025இல் மறுபடி ஆரம்பித்தது. ஏன் இந்த அலைச்சல்?

ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க எட்மண்டன் நகரம் இருந்தது. அது நிறுத்தவில்லை. ஒரே மாகாணம், ஏறக்குறைய ஒரே மாதிரி மக்கள். ஏழு வருஷம் கழித்து இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, பால் பற்களில் சொத்தை இருந்தவர்கள் கால்கரியில் 64.8 சதவீதம், எட்மண்டனில் 55.1 சதவீதம். மயக்க மருந்து கொடுத்துப் பல் சிகிச்சை செய்ய வேண்டிய குழந்தைகளும் கால்கரியில் கூடினார்கள். 2021இல் நகர மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தி, பெரும்பான்மை கேட்டதால் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்த விவாதத்தில் நான் மிகவும் மதிக்கும் சான்று இதுதான்.

சென்னை, ஒரு தந்தை: புளோரைடு குழந்தைகளின் ஐ.க்யூவை (அறிவுத்திறன் அளவை) குறைக்கும் என்கிறார்களே? உண்மையா, பீதியா?

இதற்கு ஒரு வரியில் பதில் சொன்னால் தப்பாகப் போகும். அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு உள்ள இடங்களில் குழந்தைகளின் ஐ.க்யூ குறைவாக இருப்பதற்கும் அதற்கும் தொடர்பு தெரிகிறது என்று ஓரளவு உறுதியோடு சொன்னது. அமெரிக்காவில் சேர்க்கும் அளவு 0.7. அந்த அளவில் பாதிப்பு உண்டா இல்லையா என்று சொல்லப் போதிய தரவு இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அடுத்த மாதமே ஒரு கூட்டாட்சி நீதிபதி, 0.7க்கும் 1.5க்கும் நடுவே போதுமான பாதுகாப்பு இடைவெளி இல்லை என்று கருதி, சுற்றுச்சூழல் முகமை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார். சேர்த்த தண்ணீர் நிச்சயம் தீங்கு செய்கிறது என்று அவர் தீர்ப்பு எழுதவில்லை.

சரி, நமக்கு இதில் என்ன? அந்த ஆய்வுகளில் பல, சீனாவிலும் இந்தியாவிலும் இயற்கையாகவே புளோரைடு கூடுதலான ஊர்களில் நடந்தவை. அமெரிக்கர்கள் 0.7க்காக நீதிமன்றம் போகிறார்கள். அறிக்கை எச்சரிக்கும் 1.5ஐத் தாண்டிய தண்ணீரை நம் ஊரில் எத்தனையோ ஆழ்துளைக் கிணறுகளில் (போர்) பிடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். அந்தத் தண்ணீரைப் பற்றி இந்த அளவுக்குப் பேச்சே எழுவதில்லை. எனக்கு ஆற்றாமை வருவது இதில்தான்.

கோயம்புத்தூர்: உரத் தொழிற்சாலைக் கழிவைத்தான் கலக்கிறார்களாமே?

மூலம் சரிதான். பாஸ்பேட் உரம் தயாரிக்கும்போது கிடைக்கும், புளோரைடு தரும் ஹைட்ரோஃபுளோரோசிலிசிக் அமிலத்தைத்தான் அமெரிக்காவில் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரில் கரைந்த பிறகு பாறையிலிருந்து வந்த புளோரைடுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. ஆர்செனிக் போன்ற மாசுக்கு வரம்பும் சோதனையும் உண்டு. நான் அதிகம் கவலைப்படுவது அளந்து விடும் பம்பைப் பற்றி. 1992இல் அலாஸ்காவின் ஹூப்பர் பே கிராமத்தில் அந்தக் கருவி பழுதாகி அளவு பல மடங்கு கூடியது. நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள், ஒருவர் இறந்துபோனார். பராமரிக்க ஆள் இல்லாத ஊரில் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

சூரிச்: ஐரோப்பாவில் பெரும்பாலும் சேர்ப்பதில்லையே? அவர்கள் முட்டாள்களா?

இல்லை. உங்கள் நாட்டிலேயே பாசல் நகரம் 2003 வரை சேர்த்தது; அப்புறம் உப்பில் சேர்க்கும் வழிக்கு மாறியது. வேண்டாதவர் வேறு உப்பு வாங்கிக்கொள்ளலாம். நெதர்லாந்தில் 1973இல் உச்ச நீதிமன்றம் சட்ட ஆதாரம் இல்லை என்று நிறுத்தியது. அயர்லாந்து இன்னும் சேர்க்கிறது.

சிங்கப்பூர்: நாங்கள் பல வருஷமாக இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், அக்கா. ஆர்.ஓ. போடணுமா?

வேண்டாம். ஆசியாவில் நாடு முழுக்கச் சேர்த்த முதல் ஊர் உங்களுடையது, 1950களிலிருந்து. வெயில் நாட்டில் தண்ணீர் அதிகம் குடிப்பதால் அங்கே அளவையும் அரை மில்லிகிராம் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

சென்னை, வழக்கறிஞர்: என் அனுமதி இல்லாமல் எனக்கு மருந்து கொடுப்பது சரியா?

எதிர்ப்பவர்கள் சொல்வதில் மிக நேர்மையான வாதம் இது. குளோரின் தண்ணீரைக் காக்கச் சேர்ப்பது; புளோரைடு குடிப்பவருக்காகச் சேர்ப்பது. இரண்டும் ஒன்று என்று என் சக மருத்துவர்கள் சொல்லும்போது நான் ஒத்துக்கொள்வதில்லை. கால்கரி மாதிரி மக்களைக் கேட்டுச் செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கேட்காமல் செய்வது தவறு.

பென்னாகரம், ஒரு தாய்: பெரியவளுக்கு முன்பல்லில் பழுப்புக் கோடு. சின்னவனுக்கு மூன்று வயது. அவனுக்கும் வருமா? கொதிக்கவைத்துக் கொடுக்கிறேன்.

கொதிக்கவைப்பதை நம்பாதீர்கள், அம்மா. நீர்தான் ஆவியாகும், புளோரைடு பாத்திரத்திலேயே தங்கிக் கொஞ்சம் செறிவாகிவிடும். கேண்டில் ஃபில்டரிலும் போகாது. ஆர்.ஓ.வில் போகும்.

உங்கள் பக்கத்துப் பாறையில் புளோரைடு உள்ள கனிமங்கள் இருக்கின்றன. போரை ஆழப்படுத்தினால் அது பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீரைத் தொடுகிறது. புளோரைடு கூடினால் பல்லில் கறை வரும், எலும்பும் பாதிக்கப்படும். இந்த நோய் நமக்குப் புதிதும் இல்லை. 1937லேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் எலும்பு வளைந்த நோயாளிகளை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே இதற்காகத்தான். ஆனால் காவிரித் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரில் சோறு வைக்கிறோம், பருப்பு வேகவைக்கிறோம். அரிசி உறிஞ்சும் தண்ணீரும் வயிற்றுக்குத்தான் போகிறது. குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துவைக்கக் குளிக்கப் போர் தண்ணீர் போதும்.

பெரியவளின் கோடு அழியாது, ஆனால் மேற்பூச்சால் மறைக்கலாம். சின்னவனின் நிலைப்பற்கள் ஈறுக்குள் இப்போதுதான் உருவாகின்றன. எட்டு வயது வரை காக்க வேண்டிய காலம். ஊராட்சியில் தண்ணீர்ச் சோதனைப் பெட்டி இருக்கும், கேளுங்கள். பெட்டியில் உள்ள சோதனைக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டால் இளஞ்சிவப்பாகும். புளோரைடு கூடக்கூட நிறம் மஞ்சள் பக்கம் போகும். அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1க்குள் இருந்தால் நல்லது, 1.5 இந்தியத் தர நிர்ணயத்தின் கடைசி எல்லை.

சேலம்: அப்படியானால் தமிழ்நாட்டிலும் தண்ணீரில் சேர்க்கவே கூடாதா? பேஸ்ட்டும் புளோரைடு இல்லாததா வாங்கணும்?

சேர்க்க வேண்டாம். ஒரே ஒன்றியத்தில் ஒரு கிணற்றில் 0.3, இன்னொன்றில் 3 இருக்கும்போது பொதுவாக எதைச் சேர்ப்பது? இங்கே முதல் வேலை கூடுதலான புளோரைடை எடுப்பதுதான்.

பேஸ்ட் வேறு விஷயம். அது பல்லின் மேல் வேலை செய்கிறது, விழுங்குவதற்கு இல்லை. உங்கள் தண்ணீர் 1க்குள் இருந்தால் புளோரைடு பேஸ்ட் எல்லாருக்கும் நல்லது. 1.5ஐத் தாண்டி, வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் பல் மருத்துவரிடம் கேட்டுப் பேஸ்ட்டை முடிவு செய்யுங்கள். எந்தப் பேஸ்ட்டாக இருந்தாலும் மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. துப்பி முடிக்கும் வரை பக்கத்தில் நில்லுங்கள்.