காற்றில் கையை ஆட்டினால் கால் நிற்குமா?

கேள்வி: வணக்கம் அம்மா. கோலாலம்பூர், செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வயது 73. போன தீபாவளிக்கு முன்பு, பாத்ரூமில் குழாயை அடைக்கத் திரும்பியபோது விழுந்துவிட்டேன். எலும்பு முறியவில்லை. ஆனால் அன்று பிடித்த பயம் விடவில்லை. வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறேன். தித்திவங்சா ஏரிப் பூங்காவில் சீனப் பெரியவர்கள் காலையில் மெதுவாக அசைந்து செய்யும் தாய் சி பயிற்சியில் சேரச் சொல்கிறான் மகன். “காற்றில் கையை ஆட்டினால் கால் நிற்குமா?” என்கிறாள் மனைவி. முட்டி வலி உண்டு. பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறேன். சேரலாமா?
– ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், செந்தூல்

பதில்: ஐயா, தாராளமாகச் சேருங்கள். உங்கள் மனைவியையும் ஒரு நாள் பூங்காவுக்கு அழைத்துப் போய், தாய் சி செய்பவர்களின் கைகளைக் கவனிக்காமல் கால்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். உடல் பாரம் முழுவதையும் ஒரு காலில் ஏற்றிய பிறகுதான் மற்ற கால் தரையை விட்டு எழும்பும். முன்னே போய்க் குதிகால் மட்டும் தரையைத் தொடும். அப்போதும் அதில் பாரம் இருக்காது. வேண்டாம் என்றால் அந்தக் காலை அப்படியே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பிறகு பாதம் மெல்லப் படிய, பாரம் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காலுக்கு மாறும். நடக்கும்போது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் இந்த வேலையை அவர்கள் பல விநாடி இழுத்துச் செய்கிறார்கள். தொடையும் கணுக்காலும் அவ்வளவு நேரமும் உழைக்கின்றன.

நீங்கள் விழுந்ததும் அப்படிப் பாரம் மாறும் நொடியில்தான். கனடாவில் முதியோர் இல்லங்களில் கேமராவில் பதிவான 227 விழுதல்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். கால் இடறி விழுந்தவை 21 விழுக்காடு. உடல் பாரத்தைச் சரியாக மாற்றாமல் விழுந்தவை 41 விழுக்காடு. வழுக்கும் தரையை மட்டுமே திட்டிக்கொண்டிருக்கிறோம் நாம்.

பலன் உண்டா என்பதற்கும் நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், 70 வயதைத் தாண்டிய, விழும் அபாயம் உள்ள 670 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் இரண்டு முறை, ஒரு மணி நேரம், 24 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். முடிவு 2018இல் வந்தது. வெறுமனே உடலை நீட்டி மடக்கியவர்களைவிடத் தாய் சி குழுவில் விழுதல் 58 விழுக்காடு குறைவு. தசைப் பயிற்சி, நடை, சமநிலைப் பயிற்சி எல்லாம் கலந்து செய்த குழுவோடு ஒப்பிட்டாலும் 31 விழுக்காடு குறைவு. ஆறு மாதக் கணக்கு இது. இரண்டு வாரம் போய்விட்டு ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று நிறுத்திவிடாதீர்கள், ஐயா.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது அந்தச் சுவர்தான். பயந்து பயந்து நடமாட்டத்தைக் குறைத்தால் தொடைச் சதை வற்றும். சதை வற்றினால் அடுத்த முறை தடுமாறும்போது தாங்கிப் பிடிக்கக் காலில் வலு இருக்காது. பட்டறையில் நாளெல்லாம் நின்று உழைத்த கால்களை அப்படி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

பூங்காவுக்குப் போகும் முன், சமையலறை சிங்க் விளிம்பில் இரண்டு கையையும் வைத்து நின்று பழகுங்கள். கால்களை இடுப்பகலம் வைத்து, பாரத்தை வலது காலுக்கு மாற்றுங்கள். இடது பாதம் லேசாகிவிட்டது என்று உங்களுக்கே தெரியும்வரை பொறுங்கள். பிறகு மறுபக்கம். சில நாளில் விரல் நுனி மட்டும் சிங்க்கில் இருந்தால் போதும். அப்போது யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

முட்டிக்காகத் தயங்க வேண்டாம். பாஸ்டனில் முட்டித் தேய்மானம் உள்ள 204 பேரிடம் நடந்த ஆய்வில், தாய் சி பிசியோதெரபிக்கு இணையாக வலியைக் குறைத்தது. பிசியோவாக வேலை பார்க்கும் நானே இதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன். ஆழமாக மட்டும் மடக்காதீர்கள். முட்டி, கால்விரல் போகும் திசையிலேயே போகட்டும். வலித்தால் நிமிர்ந்து நின்றே செய்யுங்கள். முன்பு விழுந்ததை மாஸ்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர் கான்டனீஸில் பேசினாலும் பரவாயில்லை, பார்த்தே பழகலாம். குழுவின் நடுவில் நின்றால், எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்த்துச் செய்ய முன்னால் ஒருவர் இருப்பார். சிலிப்பர் வேண்டாம், குதிகாலைப் பிடிக்கும் சப்பாத்து போடுங்கள்.

பாத்ரூமில் குழாய்க்குப் பக்கத்தில் கைப்பிடி ஒன்று பொருத்தச் சொல்லுங்கள் மகனை. எந்தப் பயிற்சியும் அதற்கு மாற்றாகாது.

சேருவதற்கு முன் கிளினிக்கில் ஒரு வேலை இருக்கிறது. உட்கார்ந்தோ படுத்தோ பிரஷர் பார்ப்பதோடு விடாமல், எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், அல்லது எழும்போது தலை சுற்றினால், முதலில் டாக்டரிடம் மாத்திரையைப் பற்றிப் பேசுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அது சரியாகும்வரை நாற்காலியில் உட்கார்ந்தபடியே தாய் சி செய்யலாம், மாஸ்டரிடம் கேளுங்கள்.